ஏழாம் நம்பர் மலையின் வாசனை

நிஷாந்தி அந்த ஆய்வுகூடத்தில் சேர்ந்தது கண்ணாடிப் பாத்திரம் கழுவுவதற்கு. தலவாக்கலைக்கு மேலே இருந்த ஒரு பழைய துரை பங்களாவை வாங்கி, கொழும்புக் கம்பெனி ஒன்று நடத்திவந்த சின்ன ஆய்வுகூடம் அது. தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் பிறந்தவள், அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வேலை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தாள். பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் புள்ளி போதாமல் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாள். பாத்திரம் கழுவவா இவ்வளவு படித்தாய் என்று லயத்தில் கேட்டார்கள்.

கழுவிக்கொண்டே மற்றவர்கள் செய்வதைப் பார்த்தாள். நாலாவது வருஷம், யந்திரத்தை ஓட்டிவந்தவர் வேலையை விட்டுப் போனபோது, புது ஆள் வரும்வரை நீ பார்த்துக்கொள் என்றார்கள். புது ஆள் வரவேயில்லை. முப்பத்தாறு வயதில், இலைச்சாற்றில் என்னென்ன வாசனைப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் அந்த யந்திரத்தின் ஒவ்வொரு முனகலும் அவளுக்குப் பழக்கம். ஆனால் வேலை நிரந்தரமாகவில்லை. ஒவ்வொரு வருஷமும் டிசம்பரில் புதுக் கடிதம் வர வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் கலாநிதி பிரதாப் பொறுப்பாளராக வந்தார். ஹட்டன் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அதிர்ந்து பேசாதவர், எதையும் எழுதிவைத்துக்கொள்கிறவர். பாத்திரம் கழுவுகிறவரைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய ஆராய்ச்சி ஒரு எசுத்தரைப் பற்றியது. அமிலமும் மதுசாரமும் சேர்ந்து எசுத்தர் உண்டாகும், பழங்களின் மணம் பெரும்பாலும் அதுதான் என்று நிஷாந்தி பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். தேயிலையிலும் அப்படி ஒன்று இருக்கிறது: மெதைல் சலிசிலேட். காய்ந்த குளிர்காற்று அடிக்கிற மாதங்களில் செடி அதைக் கூடுதலாகச் செய்கிறது. இலைக்குள் இருக்கும் ஒரு நொதியம் அதற்கு ஊக்கி. அந்த நொதியத்தைப் பிரித்தெடுத்து, கவாத்து வெட்டி வீசுகிற இலையிலிருந்தே இயற்கையான வாசனைச் சாறு தயாரிக்க முடியுமா என்பது பிரதாப்பின் கேள்வி. பக்கத்துத் தோட்டத்தில் மூன்று, ஐந்து, ஏழு என்ற நம்பர் மலைகளிலிருந்து வாரம் இரண்டு தடவை கொழுந்து வரும். எந்த மலையின் செடி இந்த எசுத்தரை அதிகம் செய்கிறது என்று அளந்து சொல்வது நிஷாந்தியின் வேலை.

போன வருஷம் பெப்ரவரியில் ஏழாம் நம்பர் மலையின் அளவு திடீரென்று மற்ற இரண்டையும்போல ஆறு மடங்கு காட்டியது. அடுத்த தடவையும் அப்படியே. பிரதாப் அந்தக் காகிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"திரும்ப ஓட்டுங்க நிஷாந்தி."

திரும்ப ஓட்டினாள். அதே அளவு. கம்பெனிக்குத் தகவல் போனது. மார்ச்சில் கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து ஏழாம் நம்பர் மலையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆராய்ச்சியை மூன்று வருஷத்துக்கு நீட்டுவதாகப் பேச்சு அடிபட்டது.

நிஷாந்திக்குச் சந்தேகம் வந்தது ஏப்ரலில். அன்று அரைக்கும் கருவி பழுது. அரைக்காத முழு இலையையே கரைப்பானில் ஊறவைத்துச் சாறெடுத்து, சும்மா பார்க்கலாம் என்று ஓட்டினாள். அதிலும் அந்த எசுத்தர் ஏராளமாக இருந்தது. அப்படி இருக்கக் கூடாது. செடி இந்த எசுத்தரைச் செய்தவுடன் ஒரு சர்க்கரையோடு கட்டி இலைக்குள் பூட்டிவைத்துவிடும். இலை நசுங்கினால்தான் வேறொரு நொதியம் வந்து அந்தக் கட்டை அறுக்கும். அப்போதுதான் வாசனை வெளியே வரும். நசுங்காத இலையில் இவ்வளவு எசுத்தர் கட்டவிழ்ந்து கிடக்கிறது என்றால் அது செடி செய்ததல்ல. யாரோ வெளியிலிருந்து சேர்த்தது.

அந்த ஆய்வுகூடத்தில் கொழுந்துப் பக்கம் வருவது இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று பிரதாப்.

சுத்தமான மெதைல் சலிசிலேட் போத்தல் ஒன்று அவருடைய அறையில், கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரியில் இருந்தது. சாவி அவரிடம் மட்டும்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கரைசலை அவரே கலந்து கொடுப்பார். மறுநாளிலிருந்து நிஷாந்தி காலையில் முதல் ஆளாக வந்து, அவருடைய அறையைக் கூட்டுகிற சாக்கில் அந்தப் போத்தலைக் கண்ணாடி வழியாகத் தன் போனில் படம் எடுத்தாள். திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தினமும் பார்த்தாள்.

வீட்டில் கணவன் சுமனிடம் சொன்னாள். அவன் தலவாக்கலை ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"அவரு எதுக்குக் கலக்கணும்?" என்றான் சுமன்.

"பேரு கெடைக்கும். மூணு வருஷம் ஆராய்ச்சி நீளும்."

"நீண்டா ஒனக்கும் நல்லதுதானே. பேசாம இரு. நாளைக்கு மாட்டுனா அவரு கொழும்புக்குப் போயிருவாரு. மெஷின ஓட்டுனது யாருன்னு கேப்பாங்க. நீதான் நிப்ப."

அவன் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அதனால் அவள் படங்களை அழிக்கவில்லை, கூட்டிக்கொண்டே போனாள்.

மே மாதத்தில் பிரதாப்பின் நடவடிக்கை மாறியது. மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டிக்குப் புதிதாகப் பூட்டுப் போட்டார். அவள் வேலை செய்கிற மேசைக்குப் பின்னால் காரணமில்லாமல் வந்து நிற்பார். திரும்பிப் பார்த்தால் ஜன்னலைப் பார்ப்பார். சஞ்சிகைக்கு அனுப்ப வேண்டிய கட்டுரை எழுதி முடித்தும் அனுப்பவில்லை. கொழும்பிலிருந்து அதைக் கேட்டுப் போன் வரும்போதெல்லாம் ஒவ்வொரு சாக்குச் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு என்று நிஷாந்தி நினைத்தாள்.

ஒரு புதன்கிழமை அவள் வந்தபோது, மூன்றாம் மலைக் கொழுந்தையும் ஏழாம் மலைக் கொழுந்தையும் அவரே போத்தல்களில் அடைத்து, அவரே லேபல் ஒட்டி வைத்திருந்தார். அது எப்போதும் அவளுடைய வேலை.

"நேரம் கெடைச்சிச்சு. செஞ்சு வச்சிட்டேன்" என்றார்.

அவர் போன பிறகு போத்தல்களைக் கையில் எடுத்தாள். மூன்றாம் மலை பழைய விதைத் தேயிலை, இலை சின்னது, வெளிறின பச்சை. ஏழாம் மலை இலை அகலம், காம்பில் இலேசான சிவப்பு. ஏழு என்று லேபல் போட்ட போத்தலில் சின்ன இலை இருந்தது. மூன்று என்று போட்டதில் அகல இலை. கைத்தவறா, வேண்டுமென்றே செய்ததா? கைத்தவறு செய்கிற ஆள் அல்ல அவர். என்ன திருட்டுத்தனம் என்று அவளுக்கு விளங்கவில்லை. எதுவானாலும் நடக்கவிடக் கூடாது என்று முடிவு செய்தாள். போனில் படம் எடுத்துக்கொண்டு, இரண்டு லேபல்களையும் உரித்து, இலைக்கு ஏற்றபடி சரியாக மாற்றி ஒட்டி, திரும்பவும் படம் எடுத்தாள். அவரிடம் சொல்லவில்லை. அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

அளவு வந்தது. ஏழாம் நம்பர் என்ற போத்தலில்தான் ஆறு மடங்கு. பிரதாப் காகிதத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பயந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் வேலைக்கு வேண்டிய பேச்சுக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் போட்டு வைக்கிற தேத்தண்ணியைக்கூட அவர் குடிக்காமல் ஆறவிட்டார்.

ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை. பிரதாப் ஹட்டனுக்குப் போயிருந்தார். நிஷாந்தி யந்திரத்தின் முன்னால் தனியாக உட்கார்ந்தாள். வழக்கமாக அந்த யந்திரத்தை ஒரேயொரு பொருளை மட்டும் தேடும்படி வைத்திருந்தார்கள். அந்த எசுத்தர் இருக்கிறதா, எவ்வளவு என்று மட்டும் சொல்லும். கூட வேறு என்ன இருந்தாலும் கண்டுகொள்ளாது. அன்று அவள் அதை எல்லாவற்றையும் காட்டும்படி மாற்றி, ஏழாம் மலைச் சாற்றைச் செலுத்தினாள்.

திரையில் எசுத்தரின் கூம்புக்குப் பக்கத்தில் வேறு கூம்புகள் எழும்பின. பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மென்தோல். கற்பூரம். யூகலிப்டஸ் எண்ணெயில் இருக்கிற ஒன்று. தேயிலைச் சாற்றில் இவற்றுக்கு இந்த அளவில் வேலையே இல்லை. இவை நாலும் சேர்ந்து இருக்கிற பொருளை அவளுக்கு நன்றாகத் தெரியும். மலைநாட்டில் அது இல்லாத வீடு இல்லை. இடுப்புக்கும் தோளுக்கும் தேய்க்கிற தைலம்.

சேமிப்பதற்காகக் கோப்புகளைத் திறந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. இதே மாதிரி எல்லாவற்றையும் காட்டும்படி ஏழாம் மலைச் சாறு ஏற்கெனவே ஒருதடவை ஓட்டப்பட்டிருந்தது. பிரதாப்பின் பெயரில், ஏப்ரல் கடைசியில். அதிலும் மென்தோல், கற்பூரம் எல்லாம் இருந்தன. ஆகவே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை.

ஆத்திரத்தோடு அந்தப் பக்கத்தையும் போனில் படம் எடுத்தாள். ஆனால் பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது ஒரு கேள்வி இடறியது. போத்தலின் மட்டம் இரண்டு மாதத்தில் கரைசல் கலந்த அளவுக்கு மேல் இறங்கவேயில்லை. சுத்தமான சரக்கைத் தன் அலுமாரியில் வைத்து, சாவியையும் இடுப்பில் வைத்திருக்கிற ஆள், தைலத்தை எடுத்தா கலக்குவார்? அதில் கற்பூரம் இருக்கும், மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை காலை, கொழுந்து வாங்கிவரத் தானே போவதாகச் சொல்லி மலைக்குப் போனாள். தேயிலைக்குள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். மூன்றும் ஐந்தும் காலையிலேயே எடுத்து முடித்துவிட்டார்கள். பத்து மணிக்குத் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தார்கள். ஏழாம் நம்பர் மலை அதற்குப் பிறகு. அது செங்குத்து என்பதால் பழக்கப்பட்ட காளியாயியைத்தான் மாதிரிக் கொழுந்து எடுக்க விடுவார்கள். காளியாயிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். நிஷாந்தியின் அம்மாவோடு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டில் ஒன்றாக நின்றவள்.

காளியாயி ரொட்டியைத் தின்றுவிட்டு, சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, வலது தோளில் கையை விட்டுத் தேய்த்தாள். முழங்கையிலும் தேய்த்தாள். கையைச் சாக்கில் ஒரு துடை துடைத்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினாள்.

நிஷாந்தி அவளை வழியில் மறித்தாள்.

"அக்கா, தோள்பட்டை வலியா?"

"யாரு சொன்னா?"

"தைலம் தேச்சீங்களே."

"நான் எங்க தேச்சேன்? எனக்கு ஒரு வலியும் இல்ல." காளியாயி கைகளை இடுப்பில் சுற்றியிருந்த படங்குச்சீலைக்குள் மறைத்துக்கொண்டாள். அவளைச் சுற்றி தைலத்தின் நெடி நின்றது. "எதுக்குக் கேக்குற? கங்காணி அனுப்புனாரா?"

"இல்லக்கா. எங்க மெஷின்ல அந்தத் தைலம் தெரியுது. அதான்."

"மெஷின்ல தெரியுதா?" காளியாயி ஒரு அடி பின்னால் போனாள். "நீ படிச்ச புள்ள. நாளைக்கு தொர காதுல இந்தக் கெழவிக்குக் கை முடியலன்னு விழுந்தா மலைக்கே வர வேணாம்பாங்க. தெரியுமா ஒனக்கு? ஒங்கம்மாவுக்கு அதுதானே நடந்துச்சு."

அது உண்மை. நிஷாந்தி விலகி வழிவிட்டாள். ஏழாம் மலையில் எடுத்து முடியும்வரை காத்திருந்து, கொழுந்துப் பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

அன்று பின்னேரம் மூடுபனி பங்களாவின் படிவரை வந்திருந்தது. நிஷாந்தி பிரதாப்பின் அறைக்குப் போய், அவர் சொல்வதற்கு முன்னாலேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். போனை மேசைமேல் வைத்தாள்.

"ஏப்ரல்ல நீங்க ஓட்டினது. கற்பூரம், மென்தோல் எல்லாம் இருக்கு. ஏன் சேர் சொல்லல?"

அவர் படத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. களைத்துப்போனவர் மாதிரி இருந்தார்.

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் என்னா சொல்லணும்?"

"ஜனவரியில படியில விழுந்து கை சுளுக்கிக்கிட்டு வந்தீங்க. ஒரு வாரம் இந்த இடமெல்லாம் தைல வாசனை. அலுமாரிச் சாவி ஒங்ககிட்ட இல்ல. சாவி இல்லாத ஆளு வேற எதுல இருந்து இந்த எசுத்தர எடுக்க முடியும்?" அவர் மேசையைப் பார்த்தபடியே பேசினார். "ஆராய்ச்சி நீண்டா ஒங்க வேலையும் நீளும். அதுக்காகச் செஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

இரண்டு மாதமாக நிஷாந்தி எந்தத் தராசில் அவரை நிறுத்தாளோ அதே தராசில் அவரும் அவளை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"சும்மா நெனச்சீங்களா?"

"இல்ல. சோதிச்சுப் பாத்தேன். மே மாசம் மூணையும் ஏழையும் லேபல் மாத்தி வச்சேன். இலையில இருந்து வர்றதுன்னா மூணுன்னு போட்டதுல கூடணும். லேபலப் பாத்து யாராவது கலக்குறாங்கன்னா ஏழுன்னு போட்டதுல கூடணும். ஏழுன்னு போட்டதுலதான் கூடிச்சு."

"ஐயோ சேர்" என்றாள் நிஷாந்தி. "அந்த லேபல நான் திருப்பி மாத்தி ஒட்டினேன்."

அவர் நிமிர்ந்தார்.

"எல வேற மாதிரி இருந்திச்சு. நான் தோட்டத்துப் புள்ள, எனக்கு எல தெரியாதா? நீங்க ஏதோ திருகுதாளம் பண்றீங்கன்னு நெனச்சு சரியா ஒட்டினேன். இந்தாங்க." உரிப்பதற்கு முன்பும் ஒட்டிய பின்பும் எடுத்த படங்களைக் காட்டினாள். அதற்குப் பக்கத்தில் அவருடைய அலுமாரிப் போத்தலின் படங்கள் வரிசையாக இருந்தன. அவர் அவற்றையும் ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"இது என்னா?"

"நான் ஒங்களச் சந்தேகப்பட்டது."

பிரதாப் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மன்னிச்சிருங்க" என்றார்.

"நீங்க என்னக் கேட்டிருக்கலாம் சேர். கொழும்புல இருந்து வந்த ஒரு ஆளு இந்த மெஷின ஓட்டியிருந்தா கேட்டிருப்பீங்க." அவள் போனைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். "லயத்துல இருந்து வந்தவ, வேலைக்காகச் செஞ்சிருப்பான்னு முடிவு பண்ணிட்டீங்க."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாள்.

பிறகுதான் தைலம் எங்கிருந்து வந்தது என்று சொன்னாள். யார் பூசியது என்று மட்டும் சொல்லவில்லை. "பத்து மணி தேத்தண்ணிக்குப் பொறகு எடுக்குற கொழுந்து. கையில இருந்து ஒட்டுது. பேரு எனக்கு வேணாம், ஒங்களுக்கும் வேணாம்." அவர் கேட்கவுமில்லை.

மறு வாரத்திலிருந்து மூன்று மலைகளிலும் மாதிரி எடுக்கிற எல்லாரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். இலையை மலையிலேயே திரவ நைதரசனில் உறைய வைத்துக் கொண்டுவந்தார்கள். கையுறை எதற்கு என்று கங்காணி துருவித் துருவிக் கேட்டார். மண்ணும் வியர்வையும் படக் கூடாதாம் என்று நிஷாந்தி சொன்னாள். கையுறை மாட்டிக்கொள்ளும்போது காளியாயி அவள் முகத்தையே பார்க்கவில்லை.

ஏழாம் நம்பர் மலையின் எசுத்தர் மற்ற இரண்டு மலைகளின் அளவுக்கு இறங்கி நின்றது. ஆறு வாரம் தொடர்ந்து பார்த்தார்கள், மாற்றமில்லை. பிரதாப் தானே கம்பெனிக்கு எழுதினார். எழுதியதை அனுப்புவதற்கு முன் நிஷாந்தியிடம் வாசிக்கக் கொடுத்தார். பிழை தன் மேற்பார்வையில் நடந்தது, கண்டுபிடித்தவர் நிஷாந்தி என்று அதில் இருந்தது. மாற்றிய லேபல் விஷயத்தையும் எழுதச் சொன்னாள். அவர் கொஞ்சம் தயங்கினார், பிறகு எழுதினார்.

ஆராய்ச்சி நீளவில்லை. டிசம்பரில் நிஷாந்திக்குப் புதுக் கடிதம் வரவில்லை. நான் அப்பவே சொன்னேனே என்று சுமன் ஒருதடவை ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். மாதிரி எடுக்கும்போது வெளிப்பொருள் கலக்கும் ஆபத்து பற்றி ஒரு சின்னக் கட்டுரை சஞ்சிகையில் வந்தது. அதில் முதல் பெயர் அவளுடையது. பிரதாப் அதன் பிரதியையும் ஒரு சிபாரிசுக் கடிதத்தையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். தேத்தண்ணி கொடுத்தாள், குடித்துவிட்டுப் போனார். அந்தக் கடிதத்தை வைத்து நானுஓயாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபெக்டரியில் தரம் பார்க்கிற வேலை கிடைத்தது. அங்கே வேலை நிரந்தரம். அவரைப் பற்றி யாராவது கேட்டால் நல்ல மனுஷன் என்று சொல்கிறாள். அதற்குமேல் எதையும் சொல்வதில்லை. புது இடத்தில் யார் எந்த மாதிரியைக் கொண்டுவந்தாலும், அதில் என்னென்ன இருக்கிறது என்று முழுதாகப் பார்த்த பிறகுதான் கேட்ட ஒன்றை அளக்கிறாள்.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலவாக்கலைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது காளியாயி பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளாக வந்து பேசியது அதுதான்.

"அந்த எடத்துல ஒன் வேல போச்சாமே."

"ஆமாக்கா. இப்ப நானுஓயாப் பக்கம்."

"என்னாலதானா?"

"இல்லக்கா. அந்த ஆராய்ச்சி முடிஞ்சிருச்சு, அவ்வளவுதான்."

காளியாயி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"எம்பேர எங்கயும் எழுதலையே?"

"எழுதல."

"அந்த ஆராய்ச்சித் தொரகிட்ட?"

"யாருகிட்டயும் சொல்லலக்கா."

காளியாயி தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று நிஷாந்திக்குத் தெரியவில்லை. லீக்ஸ் கட்டு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஹட்டன் பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டு நடந்தாள். கூட்டத்துக்குள் நுழைவதற்கு முன் ஒருமுறை திரும்பி, நிஷாந்தி யாரோடாவது பேசுகிறாளா என்று பார்த்துவிட்டுப் போனாள்.